ரோஸ் கலர் ஸ்கூல் பை

"தள்ளாம வரிசையா இறங்குங்க கண்ணுங்களா. பையை மறக்காம எடுத்துக்கோங்க."

ஐலா இதைச் சொன்னது ஸ்கூல் பஸ்ஸில் இல்லை. விமானத்தின் அவசரக் கதவு ஓரம் நின்றுகொண்டு.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அதற்குள் பயணிகளாக நடிக்க உட்கார்ந்திருந்த பால்சம் ஏர் ஊழியர்கள் அத்தனை பேரும், தங்கமான பிள்ளைகளாகப் பையைத் தேடி எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். கணக்குப் பிரிவு ஆசாமி ஒருத்தர் சாப்பாட்டுப் பையோடு கதவிலிருந்து தரைக்கு இறங்குகிற ரப்பர் சறுக்கில் பாதி வழியில் மாட்டிக்கொண்டார்.

பால்சம் ஏர் திவாலாகி இரண்டு வருஷம். கனடாவின் தண்டர் பே விமான நிலையத்தின் மூலையில் விமானங்கள் பனி மூடிக் கிடக்க, விமானப் பணிப்பெண்ணாக இருந்த ஐலா ஸ்கூல் பஸ் ஓட்டப் போய்விட்டாள். இப்போது யாரோ ஒரு புண்ணியவான் பணம் போட்டுக் கம்பெனியை மறுபடி தூக்கி நிறுத்தப் பார்க்கிறார். எல்லாரையும் பழைய வேலைக்குக் கூப்பிட்டாயிற்று. ஆனால் தலைநகர் ஒட்டாவாவிலிருந்து வந்திருக்கும் விமானப் பாதுகாப்பு ஆய்வாளர் அம்மாள் திருமதி பெலாஞ்சே கையெழுத்துப் போட்டால்தான் பறக்க முடியும்.

அந்த அம்மாள் சோதனைக்கென்று ஐலாவைத்தான் பொறுக்கி எடுத்தார். விமானத்தில் தீ என்று வைத்துக்கொள்ள வேண்டும். பையை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து குதியுங்கள் என்று கத்த வேண்டும். அதைத்தான் ஐலா அப்படியே தலைகீழாகச் சொல்லி வைத்தாள்.

திருமதி பெலாஞ்சே சிரிக்கவே இல்லை.

"சாப்பாட்டுக்கு அப்புறம் இன்னொரு தடவை. அதுதான் கடைசி. அதுவரைக்கும் இவங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கக்கூடாது. கொடுத்தா நான் அப்படியே ஊருக்குக் கிளம்பிடுவேன்."

மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூட்டை ஏற்றுகிற ஒரெஸ்ட் மட்டும் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். போதாததற்கு, "டீச்சரம்மா, எனக்கு ஷூ லேஸ் கட்டி விடுங்க" என்று காலை வேறு நீட்டினான்.

ஐலாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியாமலா இருக்கிறது? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிக் காட்டுவாள். இந்தப் பாழாய்ப்போன வாய்தான் கேட்க மாட்டேன் என்கிறது. இரண்டு வருஷமாகக் காலையும் மாலையும் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். பதற்றத்தில் திறந்தால் அதுதான் வருகிறது. மறுபடியும் உளறினால் இத்தனை பேர் பிழைப்பும் போச்சு. அவளும் பஸ்ஸுக்கே திரும்ப வேண்டியதுதான்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரெஸ்டை ஆளையே காணோம். நல்லதாகப் போயிற்று, அந்த மூஞ்சியைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு, கடைசி ஆளாக மூச்சிரைக்க விமானத்தில் ஏறினான் ஒரெஸ்ட். தாடியும் தொப்பையுமாக ஆறடி ஆள். அவன் மார்பில், சின்னப் பெண்கள் மாட்டிக்கொள்கிற ரோஸ் கலர் ஸ்கூல் பை. அதில் ஜிகினாவில் குதிரைக்குட்டி வேறு.

விமானமே சிரிப்பில் குலுங்கியது. ஐலாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இது முடியட்டும், இவனை வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தாள்.

விளக்குகள் அணைந்தன. புகை கிளம்பியது. மணி அலறியது. ஐலா கதவைத் திறந்து தள்ளினாள். சறுக்கு உப்பி விரிந்தது. எல்லாரும் எழுந்து நடைபாதையில் முட்டி மோதினார்கள்.

ஐலா வாயைத் திறந்தாள்.

"பையை..."

நாக்கு பழகின தடத்திலேயே போகப் பார்த்தது. அதற்குள் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு, அந்தப் பையைக் கட்டிப்பிடித்தபடி, அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றான் ஒரெஸ்ட். அவசர விளக்கு வெளிச்சத்தில் குதிரைக்குட்டி பளபளத்தது.

அவளுக்கு வந்ததே கோபம். பயம் போன இடம் தெரியவில்லை.

"பையைத் தூக்கி எறிடா தடியா!"

வாரைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கி ஒரு மூலையில் விசிறினாள். அவனையும் ஒரு தள்ளு தள்ளினாள். "எல்லாரும் பையைப் போடுங்க! ஓடி வாங்க! குதிங்க!"

கணக்குப் பிரிவு ஆசாமி சாப்பாட்டுப் பையை அப்படியே போட்டுவிட்டு முதல் ஆளாகக் குதித்தார்.

கடைசி ஆளும் தரையில் இறங்கியதும் திருமதி பெலாஞ்சே கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். விமானக் கொட்டகையே அதிர்கிற மாதிரி எல்லாரும் கைதட்டினார்கள். பணம் போட்ட முதலாளி மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்து அழுதார்.

ஐலா நேரே ஒரெஸ்டிடம் போனாள்.

"மனுஷனா நீ? இத்தனை பேர் சோறு இதுல தொங்குது. உனக்கு என்னைக் கேலி பண்ண இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுதா?"

அவன் தாடியைச் சொறிந்துகொண்டு தரையைப் பார்த்தான்.

இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அதற்குள் திருமதி பெலாஞ்சே அங்கே வந்துவிட்டார். கையில் அந்த ரோஸ் கலர் பை. கடைக்காரன் கட்டிவிட்ட விலைச் சீட்டுகூட இன்னும் அதில் ஆடிக்கொண்டிருந்தது.

"திட்டி முடிச்சாச்சா?" என்றபடி பையை ஐலா கையில் கொடுத்தார். "மத்தியானம் நான் சாண்ட்விச் வாங்கப் போன கடையில இவரு எனக்கு முன்னாடி நின்னாரு. 'இருக்கறதுலயே கண்ணைக் குத்துற மாதிரி ஒரு ஸ்கூல் பை கொடுங்க'ன்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. எதுக்குன்னு கேட்டேன். 'அவளுக்கு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டீங்க மேடம். பை தூக்கிட்டு வரக்கூடாதுன்னு சொல்லலையே'ன்னாரு. நானும் யோசிச்சுப் பார்த்தேன். ஆமா, சொல்லலைதான்."