கம்ப்யூட்டர் வழியே ஆதி தாளம்

மல்காஜ்கிரியின் ஞாயிற்றுக்கிழமை வெயில், ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கீபோர்டின் மேல் கோடு கோடாகப் போட்டு வைத்திருக்கிறது. என் மனைவி உஷா பட்டுப்புடவை கட்டி, சுருதிப் பெட்டியை ஓடவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். திரையில், சிகாகோவிலிருந்து சௌம்யா. எங்கள் மேல் மாடியில் குடியிருந்தபோது தொடங்கிய பாட்டை விட மனமில்லாதவள். இன்று சரிவராவிட்டால் இனி கம்ப்யூட்டரில் வகுப்பே கிடையாது என்று உஷா சொல்லியிருக்கிறாள். ஆபீசில் ஒரு டீமையே மேய்க்கும் நான், வெப்கேமரா நழுவாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உஷா தொடையில் தாளம் தட்டுகிறாள். சௌம்யாவின் குரல் சற்றுத் தாமதமாகவே வந்து சேர்கிறது. பாவம் பின்தங்குகிறாளே என்று இவள் மெதுவாகத் தட்ட, அக்கா மெதுவாகப் போடுகிறாரே என்று அவள் இன்னும் மெதுவாகப் பாட, மரியாதை தெரிந்த இரண்டு பேருமாகச் சேர்ந்து கீர்த்தனையை ஏறக்குறைய நிறுத்தியே விடுகிறார்கள்.

"கஷ்டமா இருந்தா விட்டுடலாங்க்கா," என்கிறாள் சௌம்யா.

"நக்கோம்மா, விட வேணாம்! தாளத்தையும் நீயே போட்டுப் பாடு. நான் சும்மா கேக்கறேன்." சொல்லிவிட்டு உஷா தன் வலது கையை என்னிடம் நீட்டுகிறாள். "இதப் பிடிச்சுக்கோங்க. சொன்னா கேக்காது."

சௌம்யா பாடுகிறாள், தடையில்லாமல். என் உள்ளங்கைக்குள் உஷாவின் விரல்கள் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக அசைகின்றன. அனுபல்லவி முடிகிறது.

"அடுத்த ஞாயிறு சரணம்," என்கிறாள் உஷா. கையை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.