அண்டாவுக்கு அடியில் ஒரு கல்

"அம்மா, என் பையில இருந்த கல் எங்க?" கேட்டு முடிப்பதற்குள் இளவழுதிக்குப் பதில் தெரிந்துவிடுகிறது. கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்திய தெரு. நடுவில் எல்லோருக்குமான கஞ்சி அண்டா. அதன் அடியில், இரண்டு செங்கல் அடுக்குகளோடு மூன்றாவதாக, தக்காணப் பீடபூமியிலிருந்து அவன் சுமந்து வந்த எரிமலைப் பாறை. அம்மா ரெங்கம்மாள் புகைக்கு முகத்தைத் திருப்பியபடி கஞ்சியைத் துழாவுகிறாள். "இந்த வண்டல்ல கல்லுக்கு எங்கய்யா போறது? இது தோதா இருந்துச்சு." "எப்பலேருந்து எரியுது?" "விடியக்காலயிலேருந்து." உள்ளே அடைபட்ட ஆர்கான் வாயுவை அளந்துதான் பாறையின் வயதைக் கணிக்க வேண்டும். தீயில் வாயு கசிந்த பிறகு எந்தக் கருவியும் பொய்தான் சொல்லும். கல்லை எடுத்த இடத்தையோ அணைத் தண்ணீர் மூடிவிட்டது. மூன்று வருட ஆராய்ச்சி கண்ணெதிரே வேகிறது. "கல்லுக்கு வயசு பாத்து யாருக்குக் கட்டிவைக்கப் போறீங்க மாப்ள?" அம்சம் அத்தை கேட்க, தட்டேந்திய வரிசை சிரிக்கிறது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, ஈரச் சாக்கைச் சுற்றிக் கல்லை இழுக்கிறான். சுர்ரென்று ஆவி எழுகிறது. அண்டா சாய்ந்து, கஞ்சி விளிம்புக்கு வருகிறது. சிரிப்பு நின்றுவிடுகிறது. குனிந்தவன் நிமிரவில்லை, அதே சாக்கால் கல்லை மறுபடி உள்ளே தள்ளி, அண்டாவின் ஆட்டம் நிற்கும் வரை அழுத்துகிறான்.