நனையாத குச்சி

இப்போதெல்லாம் டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பவன் யார்? மீட்டர் முள் சொன்னால் போதும். பெட்ரோல் தீர்ந்து என் வெங்காயக் காட்டில் இறங்கிய சின்ன விமானத்தை ஓட்டிவந்த அதன் முதலாளியும் அப்படித்தான். நாலு பாத்தியை உழுதுவிட்டு, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் இறங்கினார்.

விசாரிக்க வந்த அதிகாரியிடம், "மெக்கானிக் மூடியைச் சரியா மூடலை சார். வழியெல்லாம் ஒழுகிருச்சு. இனி இவனுக்கு வேலை கிடையாது," என்றார்.

சேதி கேட்டு ஓடிவந்திருந்த மெக்கானிக் செல்வின் அழாத குறையாக நின்றான். "இறுக்கித்தான் மூடினேன் சார். பெட்ரோல் கம்மியா இருக்குன்னும் சொன்னேன். முள் பாதியில நிக்குதேன்னு கிளம்பிட்டாரு."

"அவன் சொல்றது நெசம்," என்றேன். "முதல்ல வந்தவன் நான். மூடியை ரெண்டு கையால திருகித்தான் திறந்தேன். என் பம்புசெட்டுக்குப் பாக்குற மாதிரி குச்சி விட்டுப் பாத்தேன். நனையவே இல்லை."

"திருப்பி மூடுனீங்களா, பெரியவரே?" என்றார் அதிகாரி.

"இல்லை."

"நான் வந்தப்போ மூடி திறந்து கிடந்துச்சு. அதைத்தான் எழுத முடியும்."

எழுதிவிட்டு என்னிடம் கைநாட்டு கேட்டார். காய்ந்த குச்சியை அவர் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு நடந்தேன். வரப்பில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, செல்வின் அந்த மூடியை இறுக்கிக்கொண்டே இருந்தான்.