செலவே வைக்காத கார்

அத்தான் வாயைத் திறந்தால் கார் பராமரிப்புதான்.

"சும்மா சும்மா பிரேக்கை மிதிக்காதே மாப்ள, தேஞ்சு போயிடும். டயர்ல காத்து பாத்தியா? முதல்ல ஏசியை அணை, பெட்ரோலைக் குடிச்சுடும்."

மைத்துனன் ஏசியை அணைத்துவிட்டு வியர்த்து வழிந்தான். தன் காருக்காக அவன் மாதம் தவறாமல் ஒர்க்‌ஷாப்புக்குத் தண்டம் அழுதான். அத்தானின் காரோ வாங்கி ஆறு வருடமாகியும் கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று இருந்தது.

"உங்க கார் மட்டும் எப்படி அத்தான் செலவே வைக்கறதில்ல?"

"எல்லாம் நாம வச்சுக்கிற விதத்துல இருக்கு மாப்ள."

ஆபீஸ் வாசலில் இறங்கிய அத்தான், கதவைப் படாரென்று அறைந்து சாத்தினார்.

"சாயங்காலமும் நேரத்துக்கு வந்துடு. இந்தத் தூசியில என் காரை வெளியே எடுக்க எனக்கு மனசே வரல!"