பட்டுக்கடை வீட்டுக் கவுன்

“ஏனுங்க, இது துணியா, கொசுவலையா?” என்று மயிலம்மாள் கேட்ட குரலில் அந்தச் சேலத்துக் கடையே திரும்பிப் பார்த்தது.

மருமகள் நிலா கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். உடம்பில் இளநீலக் கவுன். இடுப்பு வரை கச்சிதமாக இறங்கி, அதற்குக் கீழே அடுக்கடுக்காக விரிந்து தரையைத் தொட்டது. பதித்திருந்த கற்கள் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கின. நிற்பது தான்தானா என்ற சந்தேகத்தில் அவள் கண்ணாடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“கொசுவலை இல்லைங்கக்கா, நெட்டு” என்றாள் கடைக்காரி ஷாஹீன். “கல்யாண ரிசப்ஷனுக்குப் போடுற கவுனெல்லாம் கனமா இருக்கும். இது பால்ரூம் டான்ஸ் போட்டிக்குன்னே தெச்சது. பெங்களூர்ல ஆடறதுக்குன்னு ஒருத்தங்க தெக்கச் சொன்னாங்க. இப்ப இவங்களுக்கே குடுத்துடலாம்.”

அடுத்த வாரம் பெங்களூரில் போட்டி. நிலாவும் கணவன் சிவபிரகாஷும் ஜோடியாக ஆடுகிறார்கள். அங்கே வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்ட ஆட்டம் அது. அவனுக்குக் கோட்டு கிடைத்துவிட்டது. அவளுக்குத்தான் கவுன் அமையவில்லை. கவுன் இல்லையென்றால் போட்டியும் இல்லை. விசாரித்து விசாரித்து அலுத்துப்போயிருந்த நேரத்தில், நேற்று ஷாஹீனிடமிருந்து போனில் இந்தக் கவுனின் படம் வந்தது. நிலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுது என்ன? மாமனார் மாதேஸ்வரன் சம்மதிக்க வேண்டுமே! ராசிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருப்பவர். மகனும் இப்போது அந்தக் கடையில்தான் உட்காருகிறான்.

“நாலு தலைமுறையா பட்டு விக்கிற ஊட்டு மருமக, கவுன் போட்டு மேடை ஏறுறதா?” என்றார், கடையில் ஓரமாக நின்றிருந்த அவர். “நம்ம கடையிலயே நல்ல சேலையா எடுத்துக் கட்டிட்டு ஆடு கண்ணு. ஆரு வேண்டாங்கறது?”

“சேலையில காலை எட்டி வெக்க முடியாதுங்க மாமா. போட்டியில ஒத்துக்கவும் மாட்டாங்க.”

“முதுகெல்லாம் வேற தெரியுது” என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள் மயிலம்மாள்.

“தெரியலைம்மா, தோல் கலர்ல துணி இருக்குது” என்றான் சிவபிரகாஷ்.

“இருந்து என்ன? இத்தனை அகலத்துக்கு நம்ம கார்ல இவ ஒருத்திதான் உக்காரோணும். நாம பின்னால ஓடியாரோணும்!”

அத்தை வராமலே இருந்திருக்கலாம் என்று நிலாவுக்குத் தோன்றியது. ‘நானும் வாரேன்’ என்று வம்படியாகக் காரில் ஏறி உட்கார்ந்தவள் அவள்தான்.

“அப்பா, எடுக்கறமோ இல்லையோ, ஒருக்கா பாத்துருங்க” என்று சொல்லிவிட்டு, சிவபிரகாஷ் நாற்காலிகளை ஒதுக்கி நிலாவின் கையைப் பிடித்தான்.

பாட்டுகூடக் கிடையாது. இரண்டு பேரும் வழுக்கிக்கொண்டு போவதுபோல் நகர்ந்தார்கள். திருப்பத்தில் அவன் கையை உயர்த்த, நிலா சுழன்றாள். கவுனின் அடுக்குகள் ஒவ்வொன்றாக எழும்பி, குடையாக விரிந்து, அவள் நின்ற பிறகும் மெல்லச் சுற்றி அவள் காலடியில் வந்து அடங்கின.

பக்கத்தில் வேறொரு கவுனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த கல்யாணப் பெண் பேரத்தையே மறந்துபோனாள். துணிக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த மாதேஸ்வரன் வாயைப் பிளந்து நின்றார். துணிக்கு இப்படி ஓர் உயிர் உண்டென்று இத்தனை வருஷத்தில் அவருக்கு யாருமே சொன்னதில்லை.

“அட சாமி!” என்றார்.

நிலா ஆசையோடு அவரைப் பார்த்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார். “அழகாத்தான் இருக்குது, பொய் சொல்லக் கூடாது. ஆனா நாளைக்குச் சொந்தபந்தமெல்லாம் என்னையத்தான கேக்கும்? வேண்டாம் கண்ணு. கழட்டிக் குடுத்துரு.”

நிலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. உடை மாற்றும் அறைப் பக்கம் திரும்பினாள்.

“இரு, காலு தட்டிரும். நான் தூக்கிப் புடிச்சுக்கறேன்” என்று மயிலம்மாள் பின்னாலேயே போய்க் குனிந்தாள். அடுத்த நொடி, “அய்யய்யோ!” என்று அலறினாள்.

எல்லோரும் ஓடிவந்து பார்த்தார்கள். கவுனின் அடி ஓரத்தில், உள்மடிப்பில், அழுத்தமாக ஒரு மஞ்சள் பொட்டு. மயிலம்மாளின் கையில் கோயில் மஞ்சள் பொட்டலம்.

“புதுத்துணி உடுத்திட்டு நிக்கறாளேன்னு, பழக்கத்துல கை தானாப் போயிருச்சுங்க! மஞ்ச வெச்சுப்போட்டேன்!”

“பரவாயில்லைங்கக்கா, நான் தொவச்சுக்கறேன்” என்றாள் ஷாஹீன்.

“தொவைக்கறதா?” மாதேஸ்வரனின் முகம் மாறிவிட்டது. மஞ்சள் வைத்த துணி, வைத்தவர் வீட்டுக்குச் சொந்தம். அதைத் திருப்பிக் கொடுத்தால் உடுத்தியவளுக்கு ஆகாது. இதைச் சொல்லியே தன் கடையில் எத்தனையோ சேலைகளைத் திரும்ப வாங்க மறுத்தவர் அவர்.

கவுனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார்.

“கட்டிக் குடும்மா” என்றார் ஷாஹீனிடம். “மஞ்ச வெச்சாச்சுன்னா அப்புறம் பேச்சே கெடையாது.”

பில்லைக் கட்டிவிட்டு, “கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டயா நீ?” என்று மனைவியை ஒரு முறை முறைத்துவிட்டு, மகனோடு கார் எடுக்கப் போனார்.

நிலாவால் நம்பவே முடியவில்லை. அத்தையின் கைத்தவறுக்கு மனதுக்குள் ஆயிரம் கும்பிடு போட்டுக்கொண்டே ஷாஹீன் நீட்டிய பையை வாங்கினாள். உள்ளே, கவுனுக்கு மேலே, ஒரு பச்சை ஜாக்கெட் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவளுடையதேதான். போன மாதம் மொட்டைமாடிக் கொடியிலிருந்து காணாமல் போனது.

“அத்தை, இது எப்படி இங்க…?”

மயிலம்மாள் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“மெதுவாப் பேசு சாமி. அளவு ஜாக்கெட் இல்லாம கவுன் தெக்க முடியாதுன்னு இந்தப் புள்ள சொல்லிப்போட்டா.”