உடையார் வீட்டுச் சமபந்தி

உடையார் இராசநாயகம், வழக்குப் பேசும் பிறக்கிராசி பரமலிங்கம், விதானை தம்பிராசா, உடையாரின் மைத்துனர்மார் நாலு பேர். அவர்களுக்கு நடுவில், தலைவாழை இலைக்கு முன்னால், முருகேசு.

நேற்றுவரை அந்த வீட்டு வேலிக்கு வெளியே நின்று சிரட்டையில் தண்ணீர் வாங்கிக் குடித்தவன் அவன். தன் சனத்தின் பிள்ளைகளுக்கென்று ஓலைக் கொட்டிலில் பள்ளிக்கூடம் போட்டான். பிள்ளைகள் நிலத்தில் அல்ல, மரவாங்கில் இருந்து படித்தார்கள். வைகாசியில் யாரோ அதைக் கொளுத்தினார்கள். மறுபடியும் கட்டினான். இரவு பகலாகக் காவல் வைத்தான்.

இன்றைக்குக் காவல் இல்லை. "சமாதான விருந்து. உன்ரை சனம் முழுக்கக் கூட்டிக்கொண்டு வா" என்று உடையாரே சொல்லியனுப்பியிருந்தார். சனம் பின்வளவில் சாப்பிட்டது. பெரியவர்கள் தன்னோடு ஒரே பந்தியில் இருந்துவிட்டால், பிள்ளைகள் வாங்கில் இருப்பதை இனி யார் தடுப்பது? அதற்காகத்தான் முருகேசு வந்தான்.

உடையாரின் வேலையாட்கள் ஒருவரையும் காணவில்லை. மகன்மாரே சோறு போட்டார்கள்.

"தம்பிமார் ஏன் மினக்கெடுகினம், நயினார்?"

"நீ விருந்தாளியெல்லோ. வீட்டுக்காரர்தானே போடவேணும்."

பிறக்கிராசி அப்பளத்தை நொறுக்கினார். "கொட்டில் எரிஞ்ச அண்டைக்கு எங்கை இருந்தனீர் எண்டு பொலிஸ் கேட்க, எங்கடை உடையாருக்கு நாக்கு ஒட்டிப்போச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். உடையாரும் சிரித்தார். அதைப் பார்த்து முருகேசுவும் சிரித்தான்.

"வடிவாய்ப் பார், முருகேசு. ஊர்ப் பெரியாக்கள் ஆரும் குறையோ?"

அவன் ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தான். "ஒருத்தரும் குறையேல்லை, நயினார்."

பாயாசம் வந்தபோது பின்வளவில் கூச்சல் எழுந்தது. யாரோ ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு ஓடும் சத்தம். முருகேசு எச்சில் கையோடு எழுந்தான். வேறு ஒருவரும் இலையை விட்டு எழவில்லை. உடையார் மட்டும் வந்து முன்கதவைத் திறந்துவிட்டார்.

பனைகளுக்கு மேலே, பள்ளிக்கூடப் பக்கம், கரும்புகை.

முருகேசு படியிறங்கினான். பின்னால் கதவு சாத்தப்பட்டது. பூட்டில் திறப்புச் சுழன்றது. உள்ளேயிருந்து உடையாரின் குரல் வந்தது.

"பொலிஸ் கேட்டால் உள்ளதைச் சொல்லு, முருகேசு. நாங்கள் எல்லாரும் உன்னோடைதான் இருந்தனாங்கள்."