மூன்று ஸ்டார்

“சிறப்புக் கவனிப்பு தேவைப்படுற குழந்தைங்க யாராவது இருக்காங்களா?”

“இல்லைங்க.”

கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டாள்.

அவள் வீட்டில் நடத்தும் பிள்ளைக் காப்பகத்தை ஆய்வு செய்ய வந்த பெண் கையிலிருந்த டேப்லெட்டில் ஒரு கட்டத்தைத் தொட்டாள். காலையிலிருந்து இப்படித்தான் தொட்டுக்கொண்டிருக்கிறாள். குடிதண்ணீர் மூடியிருக்கிறதா. பிளக் பாயின்ட் பிள்ளைகளுக்கு எட்டுமா. பொம்மைகள் வயதுக்கு ஏற்றவையா.

பொம்மைகள் நேற்று வாங்கியவை. தொட்டால் திட்டு விழுமோ என்று ஆறு பிள்ளைகளும் சற்றுத் தள்ளியே உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஸ்டார் ஹோட்டலுக்குத்தான் கொடுப்பார்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இனி அரசாங்கம் கொடுக்குமாம். மூன்று ஸ்டாருக்குக் குறைந்த வீடுகளில் பிள்ளையை விட வேண்டாம் என்று பனியன் கம்பெனிகளில் தாய்மார்களிடம் சொல்லிவிட்டார்கள்.

மூன்று வராவிட்டால் அடுத்த மாதம் இந்த ஹாலில் அவளும் மின்விசிறியும்தான்.

அதனால்தான் நேற்று சாயங்காலம் சுகுணாவிடம் அப்படிச் சொன்னாள்.

“நாளைக்கு ஒருநாள் மட்டும் தரணீஷ வீட்லயே வச்சுக்கோங்க.”

சுகுணாவின் மகன். ஐந்து வயது. பேச்சு வரவில்லை. மிக்சி ஓடினால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவான். புது முகத்தைக் கண்டால் சுவரில் தலையை மோதுவான். மூன்று இடங்களில் முடியாது என்று திருப்பி அனுப்பிய பிள்ளை.

அவள்தான் சேர்த்துக்கொண்டாள். அவனுக்காகவே சட்னியை விடியற்காலையில் அரைத்து வைத்துவிடுவாள். அவன் மோதும்போதெல்லாம் சுவருக்கும் தலைக்கும் நடுவே உள்ளங்கையை வைப்பாள். வலித்தாலும் எடுக்கமாட்டாள். எட்டு மாதத்தில் மோதுவது பாதியாகக் குறைந்திருக்கிறது.

இன்று ஒருநாள் அவன் வராவிட்டால் குடிமுழுகிப் போகாது என்று நினைத்தாள்.

“இருந்திருந்தா நாலு மார்க் சேர்ந்திருக்கும்,” என்றாள் அந்தப் பெண், டேப்பிலிருந்து தலையைத் தூக்காமல். “அந்த மாதிரிக் குழந்தைங்கள வீட்ல வச்சுப் பார்க்கிறவங்க ரொம்பக் கம்மி. உங்களுக்கு நாலு ஸ்டார் வர அந்த நாலு மார்க்தான் குறையுது.”



இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இருக்கிறான் மேடம், இன்றைக்கு வரவில்லை என்றால் முடிந்தது. பிறகு ஏன் இல்லை என்றீர்கள் என்று கேட்பாள். அதற்கும் பதில் இருக்கிறது. வாயைத் திறந்து சொல்லக்கூடிய பதிலாக இல்லை.

“தரணீஷ் வல்ல,” என்றாள் ரிஃபானா.

ஆறு பேரில் ஒருத்தி, நான்கு வயது. அந்த வீட்டில் எது குறைந்தாலும் அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

“யாரு பாப்பா அது?”

“பக்கத்து வீட்டுப் பையனுங்க,” என்று ரிஃபானா வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

அந்தப் பெண் டேப்பை நீட்டினாள்.

“முன்கூட்டிச் சொல்லாம எப்ப வேணா வருவோம். இந்த லிஸ்ட்ல இல்லாத குழந்தை யாராச்சும் இருந்தா ஸ்டார் ரத்தாயிடும். பார்த்துக்கோங்க.”

ஆறு பெயர்களுக்குக் கீழே அவள் விரலால் கையெழுத்துப் போட்டாள். கோணலாக வந்தது.

பரவாயில்லை என்றாள் அந்தப் பெண்.

சாயங்காலம் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு சுகுணா வந்தாள், மகனைக் கையில் பிடித்துக்கொண்டு. அவனை எங்கும் விட முடியாமல் அன்றைக்கு லீவு போட்டவள். விஷயம் என்னவாயிற்று என்று கேட்பதற்கென்றே நடந்து வந்திருந்தாள்.

“எத்தன ஸ்டாருங்க்கா?”

“மூணு.”

சுகுணா சிரித்தாள். தனக்கே கிடைத்தது போலச் சிரித்தாள்.

“நல்லவேளைங்க்கா. இவன் மட்டும் இருந்திருந்தா ரெண்டோட நின்னிருக்கும்.”

இவன் இருந்திருந்தால் நான்கு.

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். மூன்று இடங்களில் துரத்தப்பட்ட பிள்ளையின் தாய், இந்தத் தெரு முழுக்கத் தலை நிமிர்ந்து நடந்து போவாள். ஆனால் அதைச் சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும்.

“ஆமா சுகுணா,” என்றாள்.

தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது.

“சரிங்க்கா. அப்ப நாளைக்கு எப்பவும் போல எட்டு மணிக்கு வுட்டர்றேன்.”

“நாளைக்கு வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும். நானே சொல்லி அனுப்பறேன்.”

சுகுணாவின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. சற்று நேரம் முகத்திலேயே நின்றது. பிறகு அவள் தலையை ஆட்டினாள்.

“சரிங்க்கா.”

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சண்டை போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

தரணீஷ் அதற்குள் செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சேர்த்து, வாசல் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்திருந்தான். அதைப் பழக்க அவளுக்கு ஐந்து மாதம் ஆனது. டேப்பில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

அவள் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் முன்னால் மண்டியிட்டாள்.

புதிதாக ஏதோ சொல்லித்தரப் போகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, அவனே காலை நீட்டினான்.